இரவு விமானம், புரட்டாசி விரதம், 20 கிலோ பெட்டி: சேலம் குடும்பம் ஒன்றின் கோலாலம்பூர் பயணம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டி வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். கணவருக்கு வயது 46, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மனைவிக்கு 41, பட்டறையின் கணக்குவழக்கு அவர் கையில். மகளுக்கு 13. கணவரின் தாயாருக்கு 66. பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை நோய், வலது முழங்காலில் தேய்மானம். நால்வரும் அதுவரை வெளிநாடு போனதில்லை.

காலாண்டு விடுமுறையில் மூன்று இரவு தங்கி ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வரவேண்டும், எல்லாச் செலவும் சேர்ந்து 1,40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது ஏற்பாடு. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அறை வாடகையும் கட்டுப்படியாகாது. பாங்காக்குக்குப் பாட்டி சம்மதிக்கவில்லை, "அங்கே யாரோட பேசறது?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கோலாலம்பூருக்குத் திருச்சியிலிருந்தே நேரடி விமானம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். தமிழ் பேசி ஊரைச் சுற்றிவிடலாம். பத்துமலை முருகன் கோயிலும் இருக்கிறது. அதனால் இந்த ஊரே முடிவானது.

கீழே வரும் கணக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு 21 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். இவர்கள் போன சமயத்தில் ஏறக்குறைய அதுதான் விலை.

டிக்கெட்: எது மலிவு?

பயணத்துக்கு ஒன்பது வாரம் முன்பு இரண்டு டிக்கெட்டுகள் கண்ணில் பட்டன. ஒன்று திருச்சியில் காலை கிளம்பி பிற்பகல் கோலாலம்பூர் சேரும் விமானம், போகவர ஆளுக்கு 17,000 ரூபாய். மற்றது நள்ளிரவு 00:25க்குக் கிளம்பி, உள்ளூர் நேரம் காலை 06:55க்கு இறங்குவது, 15,200 ரூபாய். பறக்கும் நேரம் நான்கு மணி. மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. நால்வருக்கும் சேர்த்து 7,200 ரூபாய் மிச்சம் என்பதாலும், ஒரு முழுப் பகல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதாலும் இரவு விமானத்தை எடுத்தார்கள்.

இந்த முடிவைத் தவறு என்று சொல்ல மாட்டோம். மிச்சமான 7,200 ரூபாயும் அப்படியே கையில் நிற்கும் என்று நினைத்ததுதான் தவறு. காலை ஏழு மணிக்கு இறங்குகிறவருக்கு அறை கிடைப்பது பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. இடைப்பட்ட நேரத்தை எங்கே, எப்படிக் கழிப்பது என்று டிக்கெட் எடுத்த அன்று யாரும் கேட்கவில்லை.

டிக்கெட்டோடு ஒரே ஒரு 20 கிலோ பெட்டிக்கு, போகவர இரு வழிக்கும், 5,600 ரூபாய் கட்டினார்கள். மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோக ஆளுக்கு 7 கிலோதான். தோள்பை, கைப்பை என்று இரண்டு இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே 7 கிலோ.

ஒற்றைப் பெயரும் கடவுச்சீட்டும்

நம் ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டு டிக்கெட்டில் முதல் தொல்லை பெயர்தான். கணவரின் கடவுச்சீட்டில் இருப்பது அவருடைய பெயர் மட்டும். குடும்பப்பெயர்க் கட்டம் காலி. டிக்கெட் பதியும் இடத்திலோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர முடியாது. மனைவி, தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இரண்டாம் கட்டத்தில் போட்டுவிட்டார். ரேஷன் அட்டையில் அப்படி எழுதிப் பழகிய கை.

அந்த நிறுவனத்தின் விதி வேறு. ஒற்றைப் பெயர்க்காரர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடவேண்டும். இந்த விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாட்டுக்கு நாடும் மாறும்: ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல், தகப்பனார் பெயரோ குடும்பப்பெயரோ வேறு பக்கத்திலும் இல்லாத ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டில் வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை. மலேசியாவில் அந்தச் சிக்கல் இல்லை.

எது சரி என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப்பெயர், பிறகு அம்புமுனை போன்ற இரட்டைக் குறி, அதற்குப் பின் சொந்தப் பெயர். விமான நிறுவனத்தின் கவுன்டரில் கருவி படிப்பது இதைத்தான். இந்த வரியில் இல்லாத எழுத்து டிக்கெட்டிலும் இருக்கக் கூடாது. மூன்று நாள் அரட்டைப் பெட்டியில் மல்லாடித்தான் திருத்தம் நடந்தது. இணையவழிச் செக்-இன் முடிவதற்கு முன்பு என்பதால் கட்டணம் கேட்கவில்லை.

இரண்டாவது, கணவரின் கடவுச்சீட்டில் இருந்த 'ஈ.சி.ஆர்.' (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு. பத்தாம் வகுப்புச் சான்று இல்லாதவர்களுக்கு இது விழும். இந்தக் குறிப்பு உள்ளவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடியேற்ற அனுமதி பெறவேண்டும். மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு. சுற்றிப்பார்க்கப் போவதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் 'சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போகிறாரோ' என்று குடியேற்ற அதிகாரி துருவுவார். வருமான வரி கட்டுபவர் என்ற முறையில் இவர் அந்தக் குறிப்பே இல்லாத கடவுச்சீட்டு வாங்கியிருக்கலாம். 50 வயதைக் கடந்தவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு என்பதால், புதிதாக எடுத்த பாட்டியின் கடவுச்சீட்டில் குறிப்பு இல்லை. மறுவெளியீட்டுக்கு நேரம் போதாது என்று கணவர் பழையதோடே போக முடிவு செய்தார். திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு, வரிக் கணக்கின் நகல், பட்டறையின் ஜி.எஸ்.டி. சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும் வாரம்

வியாழன் நள்ளிரவு தாண்டி 25 நிமிடம் என்றால் டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை தேதிதான் இருக்கும். கணவர் வண்டி சொல்லியிருந்தது வெள்ளி மாலைக்கு. அந்த வண்டியில் போயிருந்தால் விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருக்கும். இணையவழிச் செக்-இன் செய்ய உட்கார்ந்த மகள்தான், "அப்பா, நாம போறது வியாழக்கிழமை" என்றாள். 00:00 முதல் 03:00 வரை கிளம்பும் எந்த விமானத்துக்கும் முந்தின நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, 'இன்று இரவு' என்று எழுதி வைப்பது நல்லது. இந்தத் தவறில் நாள்தோறும் யாராவது ஒருவர் விழுகிறார்.

மலேசியாவுக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும், கட்டணம் கிடையாது, குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். தேடியபோது முதலில் வந்த தளம் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்டது. மனைவிக்குச் சந்தேகம் வந்து நிறுத்தி, மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே முடித்தார். ஒற்றைப் பெயர்ச் சிக்கல் அங்கே இல்லை. முழுப்பெயருக்கு ஒரே கட்டம்தான்.

பணம்: உரிமம் பெற்ற மாற்றகத்தில் கடவுச்சீட்டும் டிக்கெட்டும் காட்டி 1,400 ரிங்கிட் நோட்டாக வாங்கினார்கள். மற்றதற்கு வங்கி அட்டை. நம் ஊர் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். சேலத்து எண்ணுக்கு ஓ.டி.பி. வரவேண்டும் என்பதால் அந்த சிம்மில் ரோமிங் போட்டு இரண்டாம் இடத்தில் வைத்துக்கொண்டார் மனைவி.

நகை விஷயத்திலும் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. திரும்பி வரும்போது சுங்கத்தில் தங்கத்துக்குக் கேள்வி வரும். கழுத்தில் போட்டுப் போனது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிக்க, கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். நள்ளிரவில் அதற்கு யார் அலைவது என்று மனைவி தாலிச் சரடோடும் ஒரு ஜோடி தோட்டோடும் கிளம்பினார். பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி பீரோவில் தங்கியது.

பத்துமலையில் 272 படி. பாட்டியால் ஏற முடியுமா என்று வாயால் விவாதித்துக்கொண்டிருக்காமல், ஒரு மாதம் முன்பே அம்மாப்பேட்டை குமரகிரியில் ஏற்றிப் பார்த்தார்கள். பாதிவரை போனவர் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது. படியேற்றம் வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று. இந்தப் பயணத்தில் எடுத்த முடிவுகளில் சிறந்தது இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை

வியாழன் மாலை ஐந்துக்குச் சேலத்தில் வண்டி ஏறி, நாமக்கல்லில் எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்து, ஒன்பதரைக்குத் திருச்சி விமான நிலையம். குடியேற்றக் கவுன்டரில் கணவரை மட்டும் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தினார்கள். எத்தனை நாள், எங்கே தங்கல், என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, கோப்பையும் பின்னால் நின்ற குடும்பத்தையும் பார்த்து முத்திரை குத்தினார்கள்.

விமானத்தில் சாப்பாடு சொல்லவில்லை. நடுராத்திரியில் யார் சாப்பிடப் போகிறார்கள் என்ற எண்ணம். 06:55க்கு இறங்கியபோது மேலும் சில விமானங்கள் அப்போதுதான் இறங்கியிருந்தன. குடிநுழைவு வரிசை ஒன்றரை மணி நேரம் நகர்ந்தது. வரிசையில் நின்றபடியே பாட்டி கைபேசியைப் பார்த்தார். மணி ஏழேகால். காலை மாத்திரை போடும் நேரம். பையிலிருந்து எடுத்து, பாட்டில் தண்ணீரில் விழுங்கிவிட்டார்.

அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை. சாப்பாட்டோடு சேர்ந்துதான் போடவேண்டும். வீட்டில் மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் தட்டில் இட்லி இருக்கும். அதனால் மணியைப் பார்த்துப் போடுவதே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இங்கே கடைசியாகச் சாப்பிட்டு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த சாப்பாடு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பெட்டி எடுத்து, 30 ரிங்கிட்டுக்கு ஒரு சிம் வாங்கி, ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினார்கள். விமான நிலையத்திலிருந்து, நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 33 நிமிடத்தில் போகும், பெரியவருக்கு 55 ரிங்கிட். பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், சுமார் 15 ரிங்கிட். பத்து மணிவாக்கில் பாட்டியின் நெற்றி வியர்த்திருப்பதை மருமகள் கவனித்தார். ஏ.சி. பேருந்தில் வியர்வை. கேட்டால், "ஒண்ணுமில்ல, படபடன்னு இருக்கு" என்றார். விரல் நடுங்கியது. கடலைமிட்டாய் இருந்தது பேருந்தின் அடியில், பெட்டிக்குள். கைப்பையில் இருந்ததெல்லாம் தட்டுவடையும் பருப்புப்பொடியும்தான். இறங்கியதும் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 68. முதல் கடையில் இனிப்புப் பானம் ஒன்றை வாங்கிக் குடிக்கவைத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்ததில் 96. அதன் பிறகு இட்லி.

70க்குக் கீழே இறங்கினால் உடனே கொடுக்கவேண்டியது வேகமாக ரத்தத்தில் கலக்கும் சர்க்கரை: 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு. தட்டுவடை, பிஸ்கட், கடலை எல்லாம் மெதுவாகச் செரிப்பவை. அந்த நேரத்துக்கு உதவாது. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்கவேண்டும். ஏறியபின் சாப்பாடு. மயங்கிவிட்டவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

விடுதியில் அறைகள் தயாராகவில்லை. மூன்று மணி என்றார்கள். பாட்டியின் நிலையைச் சொல்லி, ஓர் அறையை மட்டும் 60 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து பதினொன்றரைக்குத் திறந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் நால்வரும் தூங்கியதோடு சரி. இரவு விமானத்தால் கிடைக்கும் என்று எண்ணிய கூடுதல் பகல் அங்கேயே போயிற்று.

வாடகை கட்டும்போது அட்டைக் கருவி ரிங்கிட்டா, ரூபாயா என்று கேட்டது. வரவேற்பில் இருந்தவர் உதவியாக நினைத்து ரூபாயை அமுக்கினார். 870 ரிங்கிட்டுக்கு, அன்றைய விலையில் 18,270 ரூபாய் ஆகவேண்டிய இடத்தில், 19,600 என்று காட்டியது. கணக்குப் பார்த்துப் பழகிய மனைவி ரத்துசெய்யச் சொல்லி, ரிங்கிட்டில் மறுபடி போட்டுக் கட்டினார். வெளிநாட்டில் கருவி ரூபாயில் விலை காட்டினால் அந்த மாற்றுவிலை கடைக்காரரின் கருவிக்கு லாபம், நமக்கு நட்டம்.

சனிக்கிழமை: பத்துமலை

தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்ததன் பலன் அன்று தெரிந்தது. கே.எல். சென்ட்ரல் பத்து நிமிட நடை. அங்கிருந்து கேடிஎம் கொம்யூட்டர் ரயில் பத்துமலை அடிவாரத்திலேயே இறக்கிவிடுகிறது. கட்டணம் 3 ரிங்கிட்டுக்கும் குறைவு. ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு அரை மணியாவது காத்திருக்க வேண்டும். திரும்பும் நேரத்தை இறங்கியவுடனே பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

2006இல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர், 140 அடி. சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு மிதப்பு உண்டு: 2022இல் குடமுழுக்கு கண்ட நம் ஏத்தாப்பூர் முத்துமலை முருகன் 146 அடி. பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்மூருதான் ஒசரம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எட்டு மணிக்குள் போனதால் வெயில் இல்லை. முதலில் தாயும் மகளும் ஏறினார்கள், இறங்கியபின் கணவர். யாராவது ஒருவர் எப்போதும் பாட்டியோடு. முழங்கால் தெரியும் உடையில் வரும் பெண்கள் அடிவாரத்தில் துண்டு வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். மகள் சுடிதாரில் போனதால் அது தேவைப்படவில்லை. மனைவி அர்ச்சனைத் தட்டுச் சாமான்களைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு ஏற, நூறு படி தாண்டுவதற்குள் குரங்கு பையைக் கிழித்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது. பொருள் முழுக்க முதுகுப்பைக்குள், ஜிப் போட்டு இருக்கவேண்டும். கையில் எதுவும் தொங்கக் கூடாது. குகைக்குள் மேலிருந்து நீர் சொட்டித் தரை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்கும் செருப்பும் ஆகாது.

பாட்டி அடிவாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அது புரட்டாசிச் சனிக்கிழமை. பத்துமலை வளாகத்திலேயே வேங்கடாசலபதி, அலமேலுத் தாயார் கோயில் இருக்கிறது, படியேற்றமும் இல்லை. சேலத்தில் இருந்திருந்தால் கோட்டை அழகிரிநாதரிடம் வரிசையில் நின்றிருப்பார். மலையேற முடியவில்லையே என்ற குறை அவருக்கு அன்று எழவேயில்லை.

பிற்பகல் மூன்றரைக்கு இடியோடு மழை பிடித்தது. அந்த ஊரில் இது வாடிக்கை. காலையில் வெளியே, இரண்டு முதல் ஐந்து வரை கூரைக்கடியில், ஆறுக்குமேல் மறுபடி வெளியே என்று நாளைப் பிரித்துக்கொண்டால் குடை கிட்டத்தட்டத் தேவைப்படாது. மாலை கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. என்னும் நகர ரயில் ஏறி ஐந்தாம் நிலையமான கே.எல்.சி.சி.யில் இறங்கி, 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தைப் பூங்காவிலிருந்தே பார்த்தார்கள். இரவு நீரூற்றுக் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

சாப்பாடு: உள்ளூர் உணவும் விரதமும்

புரட்டாசி மாதம் நால்வரும் அசைவம் தொடுவதில்லை, முட்டையும் கிடையாது. உள்ளூர் உணவையும் ருசிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகுமா என்பதுதான் மகளின் கவலை.

தமிழர் கடைகளில் 'புரட்டாசி' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அங்குள்ள தமிழர்களும் விரதம் இருப்பவர்கள். முதல் நாள் கடைக்காரர், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது பாட்டிக்கு ஏதோ இலக்கியம் கேட்டதுபோல் இருந்திருக்கிறது. அங்கே காலைச் சிற்றுண்டிக்கு அதுதான் பேச்சுவழக்கு. அடுத்து, "தண்ணி என்ன?" என்றதும் கணவர் திகைத்தார். நம் ஊரில் அந்தக் கேள்வியின் பொருள் வேறு. அங்கே டீயா, காபியா, சாறா என்று கேட்கிறார்கள்.

மற்றக் கடைகளில் கவனம் வேண்டும். நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் போட்டு வேகவைத்த சோறு. சோறு சைவம்தான். பக்கத்தில் வைக்கும் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் பெலாச்சான், அதாவது புளிக்கவைத்த இறால் விழுது, பெரும்பாலும் இருக்கும். மேலே பொரித்த நெத்திலி வேறு. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் நெத்திலியை எடுத்துவிட்டு அதே சம்பலை வைத்துக் கொடுப்பார்கள். பெலாச்சானை அவர்கள் மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, உப்பு மிளகாய்போல மசாலாப் பொருள். ஆகவே 'டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், பெலாச்சான்' வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்: மாட்டிறைச்சி, கோழி, மீன், இறால், இறால் விழுது. மகள் இதை மலாயில் ஒரு சீட்டில் எழுதி எல்லாக் கடையிலும் நீட்டினாள். மூன்று கடை முடியாது என்று நேர்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பின. சீட்டுக்கு அதுவே வெற்றி.

மாமாக் கடைகளில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களில், நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், 2 ரிங்கிட்டை ஒட்டி. வெறும் ரொட்டிக்கு 'கோசோங்'. கேட்காமல் விட்டால் பருப்பின்மேல் மீன்குழம்பு ஒரு கரண்டி விழும்; 'குவா டால் சஹாஜா' என்றால் பருப்பு மட்டும். மாவில் முட்டை சேர்ப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைக்குக் கடை மாறுகிறது. தே தாரிக் என்னும் ஆற்றிய டீயில் டின் பால் தாராளமாக விழும். சர்க்கரைக்காரர்களுக்கு, 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இனிப்பும் இல்லாத கட்டன் டீ வரும்.

சீனச் சைவக் கடைகள் இவர்கள் எதிர்பார்க்காத வரவு. பல கடைகளின் பலகையில் நம் ஸ்வஸ்திகம் போன்ற பௌத்தக் குறி இருக்கும். வெங்காயம், பூண்டுகூடத் தவிர்க்கும் கடைகள் பல உண்டு. சோயாவில் செய்த போலி இறைச்சியைப் பார்த்துப் பாட்டி எழுந்துவிட, அவருக்குக் கீரையும் சோறும் மட்டும் வந்தது. மற்ற மூவரும் சைவ நாசி லெமாக்கை இங்கேதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

இனிப்பில் சிக்கலே இல்லை. செண்டோல் என்பது பச்சை நிற அரிசிமாவுக் கொழுக்கட்டைத் துணுக்கு, தேங்காய்ப்பால், துருவிய பனிக்கட்டி, மேலே குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லப்பாகு. நம் கருப்பட்டியின் புகைவாசம் அதில் லேசாக உண்டு. புட்டு மாயம் என்ற பெயரில் விற்பது இடியாப்பம். சேலத்தில் சந்தகைக்குப் போடுவதுபோலவே தேங்காய்த்துருவலும் நாட்டுச்சர்க்கரையும்.

சாப்பாட்டுக்கு மொத்தம் 470 ரிங்கிட் ஆயிற்று. காலை இட்லி, தோசை பிரிக்ஃபீல்ட்ஸில். மற்ற வேளைகளில் உள்ளூர் உணவு. பாட்டிக்கு ஒரு வேளையாவது பழகிய சாப்பாடு உறுதி என்றிருந்ததால் மற்றவர்கள் தயங்காமல் பரிசோதனை செய்ய முடிந்தது.

ஞாயிறும் திங்களும்

ஞாயிறு காலை பசார் செனி நிலையத்தில் இறங்கி, 1873இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயில், பெட்டாலிங் தெரு, அங்கிருந்து நடந்து கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தில் 1909இல் கட்டிய ஜாமிக் பள்ளிவாசல். 'சேறு படிந்த சங்கமம்' என்ற ஊர்ப்பெயருக்கு அந்த ஆற்றுமுனைதான் காரணம். தைப்பூசத்துக்கு மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளித் தேர் போகும் என்று கேட்டதும், கொலுசுக்காரர் தகட்டின் கனம் என்ன என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இரட்டைக் கோபுரத்தின் பாலத்தில் ஏறுவதைத் திங்களுக்கு வைத்திருந்தார்கள். திங்கள் அங்கே விடுமுறை. ஞாயிறு இரவுதான் தெரிந்தது. அதற்குப் பதில் ஆளுக்கு 5 ரிங்கிட்டில் தேசிய அருங்காட்சியகம், கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மழைக்கும் பாதுகாப்பு. பணம் மிச்சம்தான், மகளுக்கு மட்டும் மனக்குறை.

திரும்பும் விமானம் இரவு 22:35. நான்கு மணிக்கே மழை கொட்டி சாலை அடைத்துக்கொண்டது. பேருந்தில் 60 ரிங்கிட்டில் முடியும். விரைவு ரயிலுக்கு மகளுக்கான குறைந்த கட்டணத்தையும் சேர்த்து 190. ரயில்தான் என்று மனைவி உடனே முடிவெடுத்தார். வரும்போது அவசரமில்லை, பேருந்து போதும். போகும்போது தாமதமானால் நான்கு டிக்கெட்டும் போகும். அதே தூரத்துக்கு இரண்டு விதமாகச் செலவழித்தது சரியான கணக்கு.

கவுன்டரில் பெட்டி 24 கிலோ. மைலோ, சாக்லேட், உறவினர் பட்டியல் போட்டுக் கேட்டிருந்த கோடாலித் தைலம் இரண்டு டஜன். கூடுதல் 4 கிலோவுக்கு 200 ரிங்கிட். கைப்பைகளுக்கு மாற்றலாம் என்றால் அவையும் 7 கிலோவில் நின்றன.

கணக்கு

டிக்கெட்டும் பெட்டியும் 66,400 ரூபாய். நால்வருக்கும் காப்பீடு, பாட்டியின் சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லி எடுத்தது, 2,600. சேலம், திருச்சி வண்டி இரு வழிக்கும் 8,400. ரிங்கிட்டில்: இரண்டு அறை மூன்று இரவுக்கு 750, வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவு 10 வீதம் சுற்றுலா வரி 60, முன்கூட்டி அறை திறந்ததற்கு 60, சாப்பாடு 470, ரயில், பேருந்து, வாடகை வண்டி 390, சிம், நுழைவுக் கட்டணம், சில்லறை 90, வாங்கிய பொருள் 380, கூடுதல் எடை 200. ஆக 2,400 ரிங்கிட், 50,400 ரூபாய். அட்டைக்கு வங்கி பிடித்தது சுமார் 900. மொத்தம் 1,28,700. வரம்புக்குள் 11,300 மிச்சம்.

மாற்ற வேண்டியவை

இரவு விமானத்தையே எடுக்கலாம். ஓர் அறையை மட்டும் முந்தின இரவிலிருந்தே பதியவேண்டும். வரியோடு 135 ரிங்கிட், 2,835 ரூபாய். மிச்சமான 7,200இல் அதைக் கழித்தாலும் நான்காயிரத்துக்கு மேல் நிற்கும்; காலை பத்தரைக்குப் படுக்கை கிடைக்கும். அப்படிப் பதியும்போது 'மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வருவோம்' என்று விடுதிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு வரவில்லை என்று பதிவையே ரத்துசெய்துவிடுவார்கள்.

சர்க்கரைக்காரருக்கு விமானத்திலேயே ஒரு சாப்பாடு சொல்லிவைக்க வேண்டும். மாத்திரை மணியைப் பார்த்து அல்ல, தட்டைப் பார்த்து. எந்த மாத்திரையைச் சாப்பாடு இல்லாமல் போடக் கூடாது, நேர வித்தியாசத்துக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கவேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் அவருடைய இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கவேண்டும், பெட்டியில் அல்ல.

திரும்பும் வழிக்குப் பெட்டி எடையை ஞாயிறு இரவே இணையத்தில் கூட்டியிருந்தால் கவுன்டர் கட்டணத்தைவிடக் குறைவாக முடிந்திருக்கும். அதற்கு முதலில் எடை தெரியவேண்டும். மில்லிகிராம் பார்க்கும் தராசு இரண்டு பட்டறையில் வைத்திருப்பவர், 300 ரூபாய்க்குக் கிடைக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுபோகவில்லை. இப்போது வாங்கிவிட்டார், வரிக் கணக்கு நகல்களை இணைத்து, ஈ.சி.ஆர். குறிப்பு இல்லாத கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறார்.